காத்திருப்போர் பட்டியல்

மே மாதம் பிறந்தால் போதும், பத்திரிகைகளில் கல்வி ஆலோசகர்கள் வந்துவிடுகிறார்கள். எந்தப் பாடம் எடுத்தால் எந்த வேலை, எந்தக் கல்லூரியில் எவ்வளவு கட்ஆஃப், முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால் பதறாதீர்கள், அடுத்த சுற்று வரை பொறுத்திருங்கள், பிள்ளையின் ஆர்வத்துக்கு மதிப்புக் கொடுங்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? மே தொடங்கி ஆகஸ்ட் வரை வளர்ந்த பிள்ளை ஒன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க முடிகிற குடும்பத்தைப் பார்த்து. ஒரு கல்லூரியில் பணத்தைக் கட்டி வைத்துவிட்டு, இதைவிட நல்லது வந்தால் கட்டியது போனால் போகட்டும் என்று விடமுடிகிற குடும்பத்தைப் பார்த்து.

காத்திருக்கவும் சொத்து வேண்டும். இடஒதுக்கீட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 'தகுதி' என்கிற புளுகைக் கிழித்திருக்கிறோம். பட்டியல் ஒட்டுகிற நாளுக்கும் பணம் கட்டுகிற நாளுக்கும் நடுவில் சேரியில் என்ன நடக்கிறது என்று மட்டும் அதிகம் பேசியதில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது 2008இல். கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல். பொறியியல் நுழைவுத் தேர்வு அதற்கு முந்தின ஆண்டே ஒழிந்திருந்தது. இருந்தும் பொறியியலுக்கு நான் மனுப் போடவில்லை. கலந்தாய்வுக்குச் சென்னை போய்வரும் செலவு, முன்பணம், விடுதி என்று கணக்குப் பார்த்த அப்பா கையை விரித்துவிட்டார். முதல் பட்டதாரிச் சலுகை வந்தது 2010இல். சுயநிதிக் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை 2012இல். அந்த இரண்டுக்கும் முந்திப் பிறந்துவிட்ட பிள்ளை நான். ஆகவே அரசு கலைக் கல்லூரி. அதில் பி.எஸ்சி. கணினி அறிவியல்.

அந்தக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாடங்களுக்குள்ளும் ஊர்த்தெரு உண்டு, சேரி உண்டு என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். கணினி அறிவியலும் வணிகவியலும் ஊர்த்தெரு. கணினி அறைக்கு ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அடுத்த வரிசை கணக்கு, இயற்பியல். அதற்கும் கீழே வரலாறு, பொருளியல். கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். அதுதான் தமிழ்த்துறை. 'செம்மொழி' என்று 2004இல் அறிவித்தாகிவிட்டது, ஓடு மட்டும் மாற்றவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் பட்டியல் ஒட்டினார்கள். கணினி அறிவியல், எஸ்.சி., காத்திருப்போர் பட்டியலில் நான் நாலாவது. நான்கு பாடத்துக்கும் சேர்த்து 800க்கு 631. தேர்வானவர்களில் கடைசி ஆள் 634.

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். பொங்கல் முடிந்து போனால் மழைக்கு முன்னால் ஜூனில்தான் திரும்புவார்கள். நான் ஆயாவிடம் இருந்து படித்தேன். அந்த ஆண்டு மேஸ்திரி கணக்கு முடித்தபோது வாங்கிய அட்வான்சு முழுசாகக் கழியவில்லை, 3,400 ரூபாய் எங்கள் மேல் நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கல்லூரிச் சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலை, ஆடி மாசம்தான் எங்கள் தெருவில் கை சுத்தமாகக் காய்ந்திருக்கும் காலம். சூளை முடிந்திருக்கும், கரும்பு வெட்டு தொடங்கியிருக்காது, நடவும் இருக்காது. நூறுநாள் வேலைக்கு அப்போது நாள் கூலி 80 ரூபாய் என்று பேர், அளந்து பார்த்துப் பாதியைத்தான் கொடுப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் டி.சி.க்குப் பணம், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு நடை எல்லாம் வரும்.

இன்னொன்றும் அதே நேரம் பார்த்து வரும். மில்லுக்கு ஆள் பிடிக்கிற வேன். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்துப் பஞ்சாலைகளுக்கு. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்கு மங்கலமாக ஒரு பெயர். மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக முப்பதாயிரம் என்றான் புரோக்கர். அவன் காத்திருக்கச் சொல்லவில்லை. 'இன்னிக்கி ஏறு, இன்னிக்கே ஆயிரம் ரூவா அட்வான்சு' என்றான்.

அம்மா வேனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "நிக்கிற பஸ்ல ஏறுடி. வராத பஸ்ஸுக்குக் காத்துக்கினு நின்னா பொழுது பூடும்." அம்மாவைக் கல்வியின் அருமை தெரியாதவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவளுக்குத் தெரிந்தது கணக்கு. நாலாவது இடத்தில் நிற்பவளுக்குச் சீட்டு வருமா என்று உலகத்தில் யாரும் அவளுக்கு உறுதி சொல்லவில்லை. மில்லுக்காரன் உறுதி சொன்னான். "எத்தினி நாளு, அத மட்டும் சொல்லு" என்று கேட்டாள். என்னால் சொல்ல முடியவில்லை. கல்லூரியிலும் சொல்லவில்லை. "போர்டுல போடுவோம், வந்து பாத்துக்கம்மா" என்றார்கள். போர்டு பார்க்கப் போய்வர 28 ரூபாய். ஆறு தடவை போனேன்.

அப்பாதான், "ஆடி பொறக்கிற வரைக்கும் பாப்போம், பாப்பா" என்றார். அந்த ஒரு மாதத்தைத் தருவதற்காக ஆயாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. என் காத்திருப்பின் விலை அந்தக் கம்மல். வட்டி ஏறி அது மூழ்கியே போயிற்று.

என்னோடு படித்த பெண் ஒருத்தி, பக்கத்து வீடு, எனக்கு அக்கா முறை. அவளும் அதே பட்டியலில் ஒன்பதாவது. வரலாற்றுக்கும் மனுப் போட்டிருந்தாள். அவளுக்கு அப்பா கிடையாது, அடகு வைக்கக் கம்மலும் கிடையாது. ஜூன் மூன்றாம் வாரம் வேனில் ஏறிவிட்டாள். வரலாற்றில் இடம் இருக்கிறது, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவும் என்று கார்டு வந்தது பதினோரு நாள் கழித்து. அவள் அம்மா அந்தக் கார்டை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள். படித்தேன்.

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் ஒரு நாள் போர்டுக்கு முன்னால் ஒரு அண்ணன் நின்று நோட்டில் எல்லாப் பட்டியலையும் எழுதிக்கொண்டிருந்தார். வட்டத் தலைநகரில் வக்கீலிடம் ஜூனியராக இருந்தவர், இயக்கக்காரர். "உன் மார்க்கு எவ்ளோம்மா?" என்றார். சொன்னேன். ஓ.சி. பட்டியலின் கடைசிப் பெயரை விரலால் காட்டினார். 618.

ஓ.சி. என்றால் 'அவங்களுக்கு' என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது பொதுப்போட்டி, சாதி பார்க்காமல் மதிப்பெண் வரிசையில் எல்லோரையும் வைத்து முதலில் நிரப்பவேண்டிய 31 விழுக்காடு, அதை நிரப்பிய பிறகுதான் எஸ்.சி. 18 விழுக்காட்டுக்கு வரவேண்டும் என்று அந்த அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முறையாகப் போட்டால் பொதுப்போட்டியின் கடைசி மதிப்பெண் எந்த ஒதுக்கீட்டின் கடைசி மதிப்பெண்ணைவிடவும் குறையவே முடியாது. இங்கே 634 எடுத்தவர் ஒதுக்கீட்டில் கடைசி, 618 எடுத்தவர் பொதுப்போட்டியில். நாங்கள் எத்தனை மதிப்பெண் எடுத்தாலும் எங்கள் தெருவுக்குள்ளேயே அடைத்துவைத்து, எங்களுக்குள்ளேயே போட்டி போடவிட்டு, மிச்சப்பட்டவர்களைக் காத்திருக்கவும் வைத்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டை ஒதுக்குப்புறமாக மாற்றும் வித்தை.

உள்ளே போய்க் கேட்டோம். எழுத்தர் சொன்னார்: "ஓ.சி.ன்னா எஃப்.சி.ம்மா. ஒங்களுக்குத்தான் தனியா குடுத்திருக்குதே, அப்புறம் இதுல வேற வந்து நிக்கிறீங்களே?" முதல்வர் அவ்வளவு மட்டமாகப் பேசவில்லை. பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். மனு எழுதிக் கொடுத்தோம். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. தெரியாமல் நடக்கிற தவறுகள் எல்லாம் ஒரே திசையில் எப்படி நடக்கின்றன?

சட்டம் படிக்கிற தோழர்கள் 1951ஆம் ஆண்டின் செண்பகம் துரைராஜன் வழக்கை அறிவார்கள். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையில் 14 இடங்களுக்கு 2 நமக்கு. அந்த ஆணையைச் செல்லாதென்று உச்சநீதிமன்றம் தள்ளியது. அதன் பிறகுதான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் 15(4)உம் வந்தன. அந்தத் தீர்ப்புக்குள் ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. வழக்குப் போட்ட அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டதாகவே தெரியவில்லை. விசாரித்ததில், தான் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். அவ்வளவு போதுமாக இருந்தது. மனுப் போடவில்லை, பட்டியலுக்குக் காத்திருக்கவில்லை, நேரே நீதிமன்றம், ஒரு மாகாணத்தின் ஆணையே கவிழ்ந்தது. மனுவும் போட்டு, மதிப்பெண்ணும் எடுத்து, ஆறு தடவை போர்டைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு எழுத்தரின் மேசையைத் தாண்ட முடியவில்லை. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு.

ஆடி பிறந்தது. தமிழில் இடம் காலியாக இருந்தது. சேர்ந்தேன். மனுவுக்குப் பதில் வரவேயில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஜூனில் அதே போர்டில் பொதுப்போட்டிப் பட்டியலில் நம் பிள்ளைகள் இரண்டு பேர் பெயர் இருந்தது. அந்த அண்ணன் நோட்டோடு அந்த ஆண்டும் வந்து நின்றார்.

தமிழ் வகுப்பில் எங்களில் யாரும் தமிழுக்கென்று வந்தவர்கள் இல்லை. வணிகவியல் கிடைக்காதவர்கள், டீச்சர் டிரெய்னிங் கிடைக்காதவர்கள், கார்டு தாமதமாக வந்தவர்கள், என்னைப் போலப் பட்டியலில் கரைந்தவர்கள். பாதிக்குமேல் காலனிப் பிள்ளைகள். மேடையில் தமிழுக்காக உயிரைக் கொடுப்பேன் என்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் நிறைய. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு வரவில்லை. தமிழைக் காப்பாற்றுகிற வேலையையும் மிச்சப்பட்டவர்கள் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். நான் தமிழில் எம்.ஏ. முடித்தேன், அதில்தான் எழுதுகிறேன், அது என் மொழி. அதனால் 618 சரியாகிவிடாது. 'எல்லாம் நன்மைக்கே' என்று என் கதையை முடித்துவைக்க விரும்புகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

விருப்பப் பாடம் மறுக்கப்படுவது நமக்குப் புதிதில்லை. பாபாசாகேப் பள்ளியில் சமஸ்கிருதம் எடுக்க விரும்பினார், தீண்டப்படாதவன் என்று மறுத்தார்கள், பாரசீகம் எடுக்க வேண்டியதாயிற்று. சமஸ்கிருதத்தைப் பிறகு தானே கற்றுக்கொண்டார். எல்லோரும் சொல்கிற செய்திதான். எனக்கு அவர் வாழ்க்கையில் அதைவிட 1917 முக்கியம். லண்டனில் படிப்பு பாதியில் நிற்கிறது, பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிகிறது, திரும்பவேண்டியதாகிறது. நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்து, மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜின் உதவியும் நண்பரிடம் கடனும் வாங்கிக்கொண்டு 1920இல் திரும்பிப் போகிறார். அந்த மூன்று ஆண்டு அவருக்கு யாரும் சும்மா கொடுத்த காத்திருப்பு இல்லை, சம்பாதித்தது. உயர்கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் நம் மக்களுக்கு வந்ததற்குப் பின்னால் அவர் இருந்தது ஏன் என்று இங்கிருந்து யோசித்தால் புரியும்.

ஆனால் அந்த உதவித்தொகை இன்றைக்கும் சேர்ந்த பிறகுதான் வருகிறது. புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் (2022இல் தொடங்கியது, நல்ல திட்டம்தான்) சேர்ந்த பிறகுதான். சேர்வதற்கு முந்திய மூன்று மாதத்துக்கு யாரும் எதுவும் தருவதில்லை.

இப்போது எல்லாம் கணினி வழி. பொறியியல் கலந்தாய்வு 2018இலிருந்து வீட்டிலிருந்தே. அதில் இடம் ஒதுக்கியதும் பிள்ளையிடம் கேட்பார்கள்: ஏற்றுச் சேர்கிறாயா, ஏற்றுக்கொண்டு இதைவிட மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கிறாயா, வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குப் போகிறாயா? மாணவர் கையில் தேர்வு இருக்கிறது என்கிறார்கள். எங்கள் இரவுப் பாடசாலையில் ஒவ்வொரு மே மாதமும் உட்கார்ந்து மனு நிரப்பித் தருகிறோம். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் 'மேலே' என்பதை அழுத்தத் தயங்குகிறார்கள். இருக்கிறதும் போய்விட்டால்? கையில் இருப்பதைப் பிடித்துக்கொள் என்று பழக்கிய விரல்.

கலைக் கல்லூரியில் இப்போது கார்டு கிடையாது, செல்போனுக்குக் குறுஞ்செய்தி. 2023இல் ஒரு பெண்ணுக்கு வணிகவியலுக்குக் கூப்பிட்ட செய்தி பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்த அவள் மாமாவின் போனுக்குப் போய்க் கிடந்தது. மனுவில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள், வீட்டில் இருந்த ஒரே போனுக்கு ரீசார்ஜ் இல்லை. மாமா பார்த்தபோது கலந்தாய்வு முடிந்து இரண்டு நாள்.

மில் வேனுக்குப் பதில் இப்போது தனியார் கல்லூரி ஏஜெண்டு. ரிசல்ட் வந்த மறுநாள் காலனிக்குள் நிற்பான். "எஸ்.சி.க்கு ஒரு பைசா வேணாம், ஸ்காலர்ஷிப்லயே முடிஞ்சிடும், ஒரிஜினலை மட்டும் குடுங்க." நம் பிள்ளைகளை விரும்பி வரவேற்கிற ஒரே இடம் இது, அரசு திருப்பித் தரும் கட்டணத்துக்காக. ஒரிஜினல் போனால் காத்திருப்பு போச்சு. அரசுக் கல்லூரி கூப்பிடும்போது காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்ததை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு எத்தனை கல்லூரி வாசலில் சண்டை போட்டிருக்கிறோம் என்று எழுதினால் இன்னொரு கட்டுரையாகும். அரசு சில ஆண்டுகளில் ஆகஸ்டு வாக்கில் கலைக் கல்லூரிகளில் இடங்களைக் கூட்டி ஆணை போடுகிறது. ஆகஸ்டில் நம் பிள்ளைகள் யார் கையில் ஒரிஜினல் இருக்கிறது?

2017ஐ எழுதாமல் நகரக் கூடாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், 1200க்கு 1176. நீட்டிலிருந்து ஓராண்டு விலக்கு வரும், வரும் என்று ஆட்சியில் இருந்தவர்கள் அந்தக் கோடை முழுக்கச் சொன்னார்கள். ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தில்லி வரை போய் உச்சநீதிமன்றத்தில் தானும் ஒரு கட்சிக்காரராக நின்றது. ஆகஸ்டு 22ஆம் தேதி நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி அனிதா இல்லை. தகுதி இல்லாததால் என்று பேசியவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைச் செலவழிக்க மாட்டேன். ஒரு பிள்ளையை மேயிலிருந்து ஆகஸ்டு வரை காத்திருக்கச் சொன்னவர்கள் யாரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

2022இல் எங்கள் காலனிப் பெண்கள் குழுவில் ஒரு யோசனை வந்தது. கல்யாணத்துக்கு, சாவுக்கு, காதுகுத்துக்கு மொய் வைக்கிறோம், இதற்கும் ஒன்று வைத்தால் என்ன? வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை காத்திருக்கிற பிள்ளைக்கு வட்டியில்லாக் கடன்: போக்குவரத்து, போன் ரீசார்ஜ், முதலில் கிடைத்த இடத்தில் கட்டிவைக்கும் பணம். 'காத்திருப்புக் காசு' என்று பெயர் விழுந்துவிட்டது. முதல் ஆண்டு பெரிய சண்டை. "அவ சீட்டு கெடைச்சும் வேணான்னு ஒக்காந்துக்கினு கீறா, அதுக்கு நம்ப துட்டா?" என்று ஒரு பெரியம்மா எழுந்துவிட்டாள். அதுக்குத்தான் பெரியம்மா இந்தத் துட்டு என்று விளக்க இரண்டு கூட்டம் ஆயிற்று. ஊர்த்தெருவில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையைக் கெட்டிக்காரன் என்பார்கள், நம் தெருவில் திமிர் பிடித்தது என்போம். இந்தப் பேச்சை மாற்றுவது பணம் சேர்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

2025 ஜூனில் கையிருப்பு 14,600 ரூபாய். மூன்று பேர் கேட்டார்கள். நர்சிங்குக்குக் காத்திருந்த பெண், கணினி அறிவியலில் பொதுப்போட்டிப் பட்டியலுக்கு மிக அருகில் நின்ற ஒரு பையன், பொறியியலில் 'மேலே' அழுத்திவிட்டு வந்து நின்ற இன்னொருத்தி. இரண்டு பேருக்குத்தான் வந்தது. யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் கூட்டம் இரவு பதினொன்றரை வரை நடந்தது. அந்தப் பையனின் அம்மா, எம் புள்ளைக்கு நானே பாத்துக்கறேன் என்று எழுந்து போய், மறுநாள் கரும்பு வெட்டு மேஸ்திரியிடம் முன்கூட்டியே அட்வான்சு வாங்கிவிட்டாள்.